போர்ன்ஹோமில் எங்கட ஆக்கள்

சொந்தக்கார அன்ரிக்குச் சொந்தமில்லாத மனிதர் இன்னும் பிறக்கவில்லை. லண்டன் வால்தம்ஸ்டோவில் பஸ் ஓட்டுபவர் அவருக்குத் தம்பி முறை. கவுன்சில் அலுவலகத்து வெள்ளைக்காரி மச்சாள். இருவருக்கும் இது தெரியாது.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதை ஒருவரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். பட்டம் கிடைத்த கோடையில், பால்டிக் கடலில் இருக்கும் போர்ன்ஹோம் என்ற டேனிஷ் தீவுக்குப் போக ஆசைப்பட்டேன். காடு, சைக்கிள் பாதை, அமைதி.

அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"ஆரின்ர வீட்டை போறாய்?"

எங்கள் ஆட்கள் ஊர்களுக்குப் போவதில்லை, வீடுகளுக்குத்தான் போவார்கள். தெரிந்த வீடு இல்லாத தீவுக்கு அனுமதி இல்லை. எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அன்ரி தலை நிமிராமல் சொன்னார்:

"அங்க எங்கட ஆக்கள் இருக்கினம் அக்கா. நானும் போகத்தான் இருந்தனான்."

போர்ன்ஹோம் என்ற பெயரை அவர் அந்த நிமிடம்தான் கேள்விப்பட்டிருந்தார்.

தீவில் அன்ரி சேலையும் ஓட்டச் சப்பாத்துமாக சைக்கிள் ஓட்டினார். ஆளில்லாத காட்டில் ஒவ்வொரு வளைவிலும் மணி அடித்தார்.

"ஆருக்கு அன்ரி அடிக்கிறியள்?"

"எங்கட ஆக்கள் ஆரும் எதிர்ல வந்தால்?"

வந்தது ஒரு மான். அதனிடமும் தலையசைத்து நலம் கேட்டார்.

மாலையில் விடுதியில் இருந்தபோது என் போனுக்கு அம்மாவின் அழைப்பு வந்தது.

"போனை வீட்டுக்காரியிட்டைக் குடு."

பொய் பிடிபட்டால் மறுநாளே லண்டன். அதன்பின் வாழ்நாள் முழுக்க எனக்குச் சுற்றுலா என்றால் ஹவுன்ஸ்லோ சித்தி வீடுதான். அன்ரி கலங்கவில்லை. விடுதிக்கார டேனிஷ் மூதாட்டிக்குக் காலையிலேயே ஆமாம் என்று பொருள்படும் ஒரு தமிழ்ச் சொல் பழக்கி வைத்திருந்தார். போனை அவரிடம் நீட்டிக் கண் காட்டினார். அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பிள்ளை சாப்பிட்டவளோ?"

"ஓம்."

"அங்க சரியான குளிரோ?"

"ஓம்."

"நீங்கள் எந்த ஊர்?"

"ஓம்."

அம்மா கேள்வியைத் திரும்பக் கேட்டார். என் பட்டம் ஒரு உதவிக்கும் வரவில்லை. அன்ரி போனை வாங்கினார்.

"அவவுக்குக் காது கொஞ்சம் மந்தம் அக்கா."

"பாவம். ஆனால் தங்கமான பொம்பிளை. ஒண்டுக்கும் எதிர்க்கதை இல்லை."

திரும்பும் கப்பலில் கேட்டேன்.

"உண்மையில நீங்கள் எங்களுக்கு என்ன முறை அன்ரி?"

அன்ரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ஆர்ச்வே கோயில்ல ஒருநாள், உன்ர அம்மாவின்ர செருப்புக்குப் பக்கத்தில என்ர செருப்பைக் கழட்டினனான்."

இப்போது அந்தக் கோயிலுக்குப் போனால், அவருடைய செருப்பு எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன். என்னுடையதை அதன் பக்கத்தில் கழற்றி விடுகிறேன்.