வரி பற்றி ஒரு வரி

"இனிமே இந்த வீட்டுல ஒருத்தரும் பஸ்ஸுல போகக் கூடாது!" என்று சிவப்புப் பேனா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே முழங்கினார். வாய் நிறைய நுரை. மனைவி காதில் அது "ஒருத்தரும் பேசக் கூடாது" என்று விழுந்தது.

"நல்ல யோசனை. முதல்ல நீங்க ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சிவப்புப் பேனா என்பது அச்சகத்தில் வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷமாக அங்கே பிழை திருத்துகிறார். பிழை எங்கே இருந்தாலும் அவருக்குக் கை ஊறும். பஸ் டிக்கெட்டைத் திருத்தி நடத்துநரிடமே திருப்பிக் கொடுப்பார். ஒரு முறை டாக்டர் எழுதிய சீட்டில் மாத்திரையின் பெயரைத் திருத்தி, மருந்துக் கடைக்காரர் வேறு எதையோ கொடுத்து, மூன்று நாள் எழுந்திருக்காமல் தூங்கினார். எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "திருத்தம் சரிதான்."

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கையும் உண்டு. "பிழை பாக்கறவன் எழுத்தைத்தான் பாக்கணும். விஷயத்தைப் பாக்கக் கூடாது. விஷயத்தைப் பாத்தா கண்ணு வழுக்கிடும்." இதைக் கேட்கப் புதிதாக யாரும் கிடைக்காத நாளில் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்.

மனைவி ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்த்தாள். வீடு விற்கிறவர், நிலம் வாங்குகிறவர், பாகம் பிரிக்கிறவர் என்று பகல் முழுக்க அடுத்தவர் சண்டைகளை அடித்துத் தள்ளுவாள். சிவப்புப் பேனாவுக்கு அந்த வேலைமேல் இளக்காரம். "பாத்து அடிக்கிற வேலைதானே? அதுல என்ன மூளை?" என்பார்.

கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"பழைய வண்டி. எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு மெக்கானிக் கண்ணு பட்டா நல்லது."

"யாரு, உங்க அண்ணனா? அவர் கடை போர்டுல என்ன எழுதியிருக்கு? 'வாகண பழுது பார்க்கப்படும்.' வாகனத்துக்கு மூணு சுழி போடறவரா வண்டி பாக்கப்போறாரு?"

"சுழி எத்தனைன்னா பாக்கப் போறோம்? சக்கரம் நாலும் இருக்கான்னு பாக்கணும்."

"எனக்குக் கண்ணு இருக்கு!" என்று கிளம்பினார். கண் இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை.

பழைய கார் வியாபாரி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"உள்ளது உள்ளபடி சொல்லிடறேன் சார். ஒரே கைதான் மாறின வண்டி. ரோட்டுல போனா அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாங்க."

"ஓட்டம் எப்படி?"

"இதுவரைக்கும் எப்படி ஓடுச்சோ அப்படியே ஓடும் சார்."

இந்தப் பதிலில் அறிவுள்ளவன் எழுந்து வந்திருப்பான். சிவப்புப் பேனா தலையாட்டினார். வண்டியைச் சுற்றி வரக்கூட இல்லை. வியாபாரி நீட்டிய ஒப்பந்தத் தாள்தான் அவர் கண்ணை இழுத்தது. அச்சடித்த தாள். அதில் ஒரு பிழை! சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, ஒரே ஓர் எழுத்தை அடித்து, வேறெழுத்து போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பமும் வைத்தார். வியாபாரி குனிந்து படித்தார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு எழுந்து நின்று கும்பிட்டார்.

"சார், உங்களை மாதிரிப் படிச்சவங்க வர்றதுதான் நம்ம கடைக்கே பெருமை."

சிவப்புப் பேனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் பிரதியையும் அதே மாதிரி திருத்திக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, இருபது வருஷச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வந்தார்.

வண்டி வீட்டு வாசல்வரை வந்தது. அத்துடன் தன் கடமை முடிந்தது என்று நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடும். இடது பக்க விளக்கைப் போட்டால் ஹாரன் அடிக்கும். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அதனால் உள்ளே உட்கார்ந்தவர் இறங்கவேண்டுமானால் யாராவது அந்தப் பக்கம் வரவேண்டும். ஒரே கை மாறிய வண்டியைத் தள்ள எட்டுக் கை தேவைப்பட்டது. தெருவில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் வியாபாரி பொய் சொல்லவில்லை.

மாடிவீட்டுக்காரர் தினமும் காலையில் பல்குச்சியும் கையுமாக மேலிருந்து விசாரிப்பார்.

"என்ன சார், நடைப்பயிற்சியா?"

"இல்லை சார், ஆபீஸ் போறேன்."

"கார் இருக்கே?"

"கூடத்தான் வருது."

"முன்னால நீங்க மட்டும் போவீங்க. இப்ப அதையும் தள்ளிட்டுப் போறீங்க. நல்ல முன்னேற்றம் சார்!"

இப்படி இரண்டு வாரம் போன பிறகு ஒரு கடிதம் வந்தது. வண்டிக்கு மூன்று வருஷமாகச் சாலை வரி கட்டவில்லை. முப்பது நாளுக்குள் உரிமையாளர் கட்டவேண்டும். தவறினால் வண்டி பறிமுதல். மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள்.

"பறிமுதலா? என்னைக்கு வர்றாங்களாம்? வர்றவங்களுக்கு டீ போட்டு வெக்கறேன்."

"விளையாடாதே! முன்னாடி வெச்சிருந்தவன் கட்டாத வரியை நான் எதுக்குக் கட்டணும்?"

"அதுவும் சரிதான். சாலைக்கே வராத வண்டிக்கு எதுக்குச் சாலை வரி?"

"நான் யாருன்னு காட்டறேன். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போறேன்! நான் ஒரு நுகர்வோர். தெரியுமா?"

"நுகர்வோர்னா மோந்து பாக்கறவங்கதானே? அப்ப நானும் வர்றேன். அந்த வண்டியோட பெட்ரோல் நாத்தத்தை ரெண்டு வாரமா நான்தான் மோந்துட்டு இருக்கேன்."

அன்று மாலையே சிவப்புப் பேனா ஒப்பந்தத் தாளுடன் வியாபாரியிடம் போய் நின்றார். பழுதுக்கு ஒரு பேச்சு, வரிக்கு ஒரு பேச்சு என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். வியாபாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தத் தாளைக் கொஞ்சம் படிங்க சார். ஆறாவது வரி."

சிவப்புப் பேனா படித்தார். "விற்பனைக்கு முந்தைய பழுதுகளுக்கும் சாலை வரிக்கும் எக்காரணம் கொண்டும் விற்பவர் பொறுப்பேற்..."

"படிங்க சார்."

"...கார்."

"பொறுப்பேற்கார்! ஏத்துக்க மாட்டார்! என் தாள்ல என்ன அச்சடிச்சிருந்துச்சு? 'பொறுப்பேற்பார்.' அச்சகத்துக்காரன் ஒரே ஒரு எழுத்தைத் தப்பா போட்டுட்டான். அது தெரியாம மூணு மாசமா மூணு வண்டியைத் திருப்பி வாங்கியிருக்கேன். நீங்க வந்தீங்க. 'எக்காரணம் கொண்டும்னு வந்தா எதிர்மறையிலதான் முடியணும், இது என்ன தமிழ்?'னு கேட்டீங்க. 'பா'வை அடிச்சு 'கா' போட்டீங்க. தெய்வம் சார் நீங்க. புதுத் தாளே அடிச்சாச்சு."

"எங்க அடிச்சீங்க?"

"உங்க அச்சகத்துலதான். நீங்கதான் பிழை பாத்தீங்களாமே? ஒண்ணுகூட இல்லைன்னு எழுதி அனுப்பியிருந்தீங்க."

சிவப்புப் பேனா நடந்தே வீட்டுக்கு வந்தார். பணம் போனது வலித்தது. வரி வேறு கட்டவேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் மேல், இது மனைவிக்குத் தெரிந்தால் மிச்சமிருக்கும் ஆயுள் முழுவதும் வீட்டில் தலை நிமிர முடியாதே என்பதுதான் அவரைக் கொன்றது. எழுத்துப் பிழையில் ஏமாந்தவன் என்றால்கூட ஊர் பொறுத்துக்கொள்ளும். பிழையைத் திருத்தி ஏமாந்தவனை யார் பொறுப்பார்கள்?

"என்னாச்சுங்க?" என்றாள் மனைவி.

"நடுங்கிட்டான்" என்றார்.

மறுநாள் முழுவதும் அச்சகத்தில் யோசித்தார். வரி யாரைக் கேட்கிறார்கள்? உரிமையாளரை. உரிமையாளர் வேறொருவராகிவிட்டால்? அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டால்? அவர் முகத்தில் இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு புன்னகை வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் அன்று மாலை. குரலில் தேன். "பதினெட்டு வருஷமா குடும்பத்துக்கு உழைக்கிறே. உனக்குன்னு நான் என்ன செஞ்சேன்? அந்தக் காரை உன் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா?"

"சரி. பத்திரத்தை எங்க ஆபீஸ்ல நானே அடிச்சுட்டு வந்துடறேன்."

சிவப்புப் பேனா தொண்டையைச் செருமினார். "அதுல ஒரு வரி சேத்துடு."

"எதைப் பத்தி?"

"வரி பத்தி."

"வரி பத்தி ஒரு வரியா?"

"ஆமா, வரி பத்தி ஒரு வரி. பழுது, அது இது எல்லாத்தையும் அதுலயே சேத்துக்கோ. இனிமே யார் பொறுப்புன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம இருக்கணும்."

"கவலையே படாதீங்க. தெளிவாப் போட்டுடறேன்."

சனிக்கிழமை மாலை பத்திரத்துடன் வந்தாள். சிவப்புப் பேனா முதல் வரியைப் பார்த்தார். அலறினார்.

"என்ன இது? 'அண்பளிப்பு'! அன்புக்கு மூணு சுழியா?"

"அவசரத்துல அடிச்சேன்."

"'என் மணைவிக்கு'! அங்க மூணு சுழி, இங்க மூணு சுழி! 'வாகணம்'! உங்க குடும்பத்துக்கே இந்தச் சுழி போகாதா? பதினெட்டு வருஷம் ஒரு பிழைதிருத்தியோட குடித்தனம் நடத்தி என்னத்தைக் கத்துக்கிட்டே?"

"கத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க திருத்துங்க."

சொல்லவா வேண்டும்? பேனா பறந்தது. ரகர றகரம், லகர ளகரம், விட்டுப்போன ஒற்று, வேண்டாத ஒற்று என்று தாள் சிவந்துபோயிற்று. அச்சகத்தில் ஒரு மாதத்தில் கிடைக்காத பிழைகள் அந்த ஒரு பக்கத்தில் இருந்தன. இப்படி ஒரு விருந்து அவர் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. மொத்தம் முப்பத்தோரு திருத்தம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுருக்கொப்பம் வைத்தார். அவர் வைக்க வைக்க மனைவியும் பக்கத்திலேயே தன் சுருக்கொப்பத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ எதுக்குப் போடறே?"

"எங்க ஆபீஸ் வழக்கம். ஒரு எழுத்து மாத்தினாலும் ரெண்டு தரப்பும் பக்கத்துல போடணும். ஒருத்தர் மட்டும் போட்டா அந்தத் திருத்தம் செல்லாது. அச்சுல இருக்கறதுதான் நிக்கும்."

"ஓகோ" என்றார் சிவப்புப் பேனா. கடைசியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் அவள் சொன்னது மெதுவாக மண்டைக்குள் இறங்கியது. "என்ன சொன்னே? ஒருத்தர் மட்டும் போட்டா..."

"செல்லாது. உங்க சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில அந்த ஒப்பந்தத் தாள் இருந்துச்சு. 'கா'வுக்குப் பக்கத்துல உங்க ஒப்பம் இருக்கு. வியாபாரி ஒப்பம் இல்லை. நேத்து மத்தியானம் அண்ணனோட போனேன். 'உங்க தாள்லயாவது உங்க ஒப்பம் இருக்கா, காட்டுங்க'ன்னேன். அதுலயும் இல்லை. 'கேஸ் போடட்டுமா, இல்லை நீங்களே பொறுப்பேற்பாரா?'ன்னு கேட்டேன். மூணு வருஷ வரியையும் அங்கேயே கட்டிட்டார். காலையில அண்ணன் வண்டியை எடுத்துட்டுப் போயிருக்கார். பழுது அத்தனையும் வியாபாரி செலவு."

வாசலில் ஹாரன் கேட்டது. சிவப்புப் பேனா எட்டிப் பார்த்தார். கார் தானாக, யாரும் தள்ளாமல், தெருவில் வந்து நின்றது. உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு மைத்துனர் இறங்கிச் சாவியைத் தங்கையிடம் நீட்டினார். மாடிவீட்டுக்காரர் கை தட்டினார்.

"அடடா! நம்ம வண்டி ஓடுது!" என்று சிவப்புப் பேனா துள்ளினார்.

"என் வண்டி" என்றாள் மனைவி. "திங்கட்கிழமையிலேருந்து நான் ஆபீஸுக்கு இதுலதான் போவேன். உங்களை பஸ் ஸ்டாப் வரைக்கும் விட்டுடறேன்."

"போனாப் போகுது. அடுத்த வருஷ வரியும் உன் வண்டிக்கு உன் பொறுப்புதானே? அதுக்குத்தானே ஒரு வரி..."

"பதினோராவது வரி" என்று பத்திரத்தைக் கொடுத்தாள்.

சிவப்புப் பேனா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாக எழுத்தை விட்டுவிட்டு விஷயத்தைப் படித்தார்.

"இனி வரும் சாலை வரி, பழுது, பெட்ரோல் அனைத்துக்கும் வாகன உரிமையாளரின் கணவர் பொறுப்பேற்பார்."

எங்காவது ஒரு பிழை இருந்தால் பிடித்துக்கொண்டு தப்பிக்கலாம் என்று எழுத்தெழுத்தாகத் தேடினார். ஒன்றுகூட இல்லை. அந்த வரியில் முதலில் இருந்த நான்கு பிழைகளில் 'கனவர்' என்பதும் ஒன்று. அதை அடித்து, மூன்று சுழி போட்டு, பக்கத்தில் ஒப்பமும் வைத்திருந்தவர் அவரேதான்.