நனையாத நாற்காலி

அடுத்த சொட்டும் உச்சந்தலையிலேயே விழுந்தபோதுதான் சுண்டெலி அண்ணாந்து பார்த்தாள். கூரையில் பதித்திருந்த ஏசியின் நீளமான விளிம்பில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள். சொட்டும் விளிம்போடு ஊர்ந்து வந்து அவள் தோளில் விழுந்தது. இந்தப் பக்கம் நகர்த்தினாள். அதுவும் இந்தப் பக்கம் வந்தது. யாரோ சொல்லி அனுப்பின மாதிரி.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. எலிகளை வைத்து மூளை ஆராய்ச்சி செய்கிறவள், ஆளும் ஒல்லி, குரலும் கீச்சு என்பதால் ஆய்வகத்தில் யாரோ வைத்த பெயர் இது. அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டுமென்றால் நாலு பேருக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அது மட்டும் அவளுக்கு வராது.

அவளுடைய ஆராய்ச்சியும் அதைப் பற்றியதுதான். ஒடுக்கமான ஒரு குழாயின் இரண்டு முனைகளிலும் இரண்டு எலிகளை விடுவாள். நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒன்று தள்ளும், ஒன்று பின்வாங்கும். தள்ளுகிற எலியின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அவள் மூட்டை மூட்டையாக எழுதி வைத்திருந்தாள். பின்வாங்குகிற எலியைப் பற்றி எழுதத் தேவைப்படவில்லை. அதுதான் அவளுக்கே தெரியுமே.

இருந்த வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்ததற்கு வழி தேடித்தான் இந்த மூளை ஆராய்ச்சி மாநாட்டுக்கு வந்திருந்தாள்.

"ஆராய்ச்சி போஸ்டரை ஒட்டிட்டு அது பக்கத்துலயே இன்னொரு போஸ்டர் மாதிரி நிக்காதம்மா. நாலு பேர்கிட்ட பேசு, கார்டு குடு, பழகு" என்று அவளுடைய கைடு சொல்லி அனுப்பியிருந்தார்.

பேசித்தான் பார்த்தாள். காபி வரிசையில் பின்னால் நின்றவருக்கு அவசரம் என்று வழிவிட்டாள். அவருக்குப் பின்னால் நின்றவர் அவருடைய நண்பராம், அவருக்கும் வழிவிட்டாள். அவள் முறை வந்தபோது காபி தீர்ந்திருந்தது. ஒருவரிடம் தைரியமாக விசிட்டிங் கார்டை நீட்டினாள். அவர் நன்றி சொல்லி வாங்கி, அதன் மூலையை மடித்துப் பல் குத்திக்கொண்டார்.

மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான். புதிதாகத் தொடங்கப் போகும் ஓர் ஆய்வகம். ஒரே ஒரு மூத்த ஆய்வாளர் வேலை. 'ஆய்வகத் தலைவர் நேரில் சந்திப்பார்' என்று சொல்லி, மாடியில் அட்டைத் தடுப்பு வைத்துப் பிரித்த இந்தச் சின்ன அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தலைவர் யார், என்ன என்று எதுவும் இல்லை. "பெரிய தலையாத்தான் இருக்கும். வெள்ளைத் தாடி நிச்சயம்" என்று கைடு அடித்துச் சொன்னார்.

இது கிடைக்காவிட்டால் அக்கா தயாராக இருந்தாள். அக்கா வாஷிங் மெஷின் விற்கும் கடையில் சூப்பர்வைசர். முதலாளியிடம் தங்கைக்காக ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தாள். இப்போதுகூட போனில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. 'உள்ள போயிட்டியா? நிமிர்ந்து உக்காரு. யூனிஃபார்ம் உனக்கு ஸ்மால்தானே? சும்மா கேட்டு வெச்சுக்கறேன்.'

பன்னிரண்டு வருஷம் எலியோடு குடும்பம் நடத்திவிட்டு, கடைசியில் ஸ்மால் சைஸ் யூனிஃபார்மா?

சொட்டு இந்த முறை மூக்கில் விழுந்தது. தலைவர் வருகிற நேரத்தில் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தால் நன்றாகவா இருக்கும்? அறையில் இருந்ததே இரண்டு நாற்காலிகள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது நனையாமல் இருந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்று அதில் போய் உட்கார்ந்தாள்.

கைக்குட்டையை எடுப்பதற்குள் கதவு திறந்தது.

வந்தவனுக்கு முப்பது வயது இருக்கலாம். அண்ணனுடைய கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி, கை விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அவளைப் பார்த்ததும் விறைத்து நின்றான்.

"குட் மார்னிங் மேடம்."

"தம்பி, நான் இங்க வந்து..."

"தெரியும் மேடம். மேலிடத்துல இருந்து நீங்க வந்திருப்பீங்கன்னு சொன்னாங்க." சொல்லிக்கொண்டே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த மாத்திரத்தில் அவன் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"தண்ணி சொட்டுதுப்பா."

"பரவால்ல மேடம்."

"அதுக்கில்ல, அந்த நாற்காலியில உக்காராதீங்க. நனைஞ்சிடுவீங்க."

அவன் லேசாகச் சிரித்தான். எல்லாம் தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பு. "புரியுது மேடம். கஷ்டமான சூழ்நிலையில நான் எப்படி நடந்துக்கறேன்னு பாக்கறீங்க. எத்தனை சொட்டு விழுந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

இதுதான் மூளை ஆராய்ச்சிக்காரர்களிடம் உள்ள தொல்லை. விளக்கு அணைந்தால் மின்வெட்டு என்று நினைக்க மாட்டார்கள். நம்மை எங்கிருந்தோ யாரோ கவனிக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

ஆக, இவனும் அந்த வேலைக்கு வந்தவன். தன்னைத்தான் தலைவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். சொல்லிவிட வேண்டியதுதான்.

"தம்பி, உண்மையச் சொல்லிடறேன். நான் இந்தப் பக்கம் உக்கார வேண்டியவளே இல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க மேடம். உங்க முகத்தப் பாத்தாலே அனுபவம் தெரியுது." அப்புறம் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "இன்னொருத்தங்க வரணும்ல?"

"வரணும். எந்த நிமிஷமும் வரலாம்" என்றாள் சுண்டெலி, வெள்ளைத் தாடியை நினைத்து நடுங்கிக்கொண்டே.

"அவங்க வர்றதுக்குள்ள என்னைக் கேட்டு முடிச்சிடுங்க மேடம். அவங்க முன்னாடின்னா எனக்குக் கூச்சமா இருக்கும்."

கேட்காமல் இவன் விடமாட்டான் போலிருந்தது. ஒரு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டால், தான் பழைய நாற்காலிக்குப் போய்விடலாம். அக்கா நேற்று ஒத்திகை பார்த்த கேள்விகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

"உங்க பலவீனம் என்ன?"

கேட்டிருக்கவே கூடாது. அவன் மடை திறந்த மாதிரி ஆரம்பித்தான்.

"எனக்கு இதெல்லாம் முதல் தடவை மேடம். எலிகளோட பழகின அளவுக்கு மனுஷங்களோட பழகினதில்ல. ஒருத்தர வேலை வாங்கத் தெரியாது. கோவமா பேசத் தெரியாது. சாவிக்கொத்து என் கையில இருந்தாக்கூட, உள்ள போலாமான்னு யாரையாவது கேட்டுட்டுத்தான் போவேன்."

சுண்டெலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஜாதகத்தை இவன் எப்படிப் படிக்கிறான் என்பது போல இருந்தது.

"அப்புறம் உங்கள எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டுவிட்டாள். அதுவும் அக்கா சொல்லிக் கொடுத்த கேள்விதான்.

அவன் நன்றாக யோசித்தான். காதோரம் தண்ணீர் வழிந்தது. "கேட்டவங்க எல்லாரும் வேணாம்னுட்டாங்க மேடம். நான் ஒருத்தன்தான் சரின்னேன்."

இப்படியும் ஒருவன் உண்மை பேசுவானா? ஆனாலும் விவரமானவன். அவனுடைய ஆராய்ச்சி என்ன என்று சும்மா கேட்டு வைத்தாள். பின்வாங்குகிற எலியைப் பற்றியதாம். "எல்லாரும் ஜெயிக்கறதையே பாக்கறாங்க மேடம். பின்வாங்கற எலி சண்டை வேணாம்னு யோசிச்சு முடிவெடுக்குது. அந்த முடிவு மூளையில எங்க உக்காந்திருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றான். சொல்லும்போது கூச்சம் போய், முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

சுண்டெலி ஒரு கணம் தன் வேலை, அக்கா, யூனிஃபார்ம் எல்லாவற்றையும் மறந்துபோனாள். மறு கணம் நினைவு வந்தது. இவன் இப்படிப் பேசினால் வெள்ளைத் தாடி இவனைத்தான் எடுக்கும்.

பாவம், நல்லவள்தான். ஆனால் பயந்து போனவளுக்குக் கெட்ட எண்ணம் வராமலா இருக்கும்?

"தம்பி, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்காதீங்க. இந்த வேலை ரொம்பக் கஷ்டம். உங்க சுபாவத்துக்கு ஒத்து வராது. பேசாம விட்டுடுங்களேன்."

அவன் முகம் தொங்கிப்போனது. சொட்டு ஒன்று நெற்றியில் விழுந்து கன்னத்தில் இறங்கியபோது, அது ஏசித் தண்ணீர்தானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க மேடம். எதிர்வீடு, பக்கத்து வீடு, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க, யாரையும் விடல. இப்ப விட்டுட்டு எந்த முகத்தோட வீட்டுக்குப் போறது?"

வேலை கிடைப்பதற்கு முன்பே பெற்றவள் தம்பட்டம் அடித்துவிட்டாள் போலிருக்கிறது. சுண்டெலியின் மனசு கரைந்து ஓடியது. தன்னைத் தானே மனசுக்குள் நாலு சாத்து சாத்தினாள்.

"சரி சரி, விட வேணாம். நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இங்க பாருங்க, ஒருத்தர வேலை வாங்கறதுக்குக் கோவம் எதுக்கு? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அது போதும். எல்லாம் தெரிஞ்ச மாதிரி கத்தறவர் கிட்ட வேலை பாத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தெரியலப்பா, வா சேர்ந்து பாக்கலாம்னு ஒருத்தர் சொல்லியிருந்தா, அவருக்காக நான் ராத்திரி பகல்னு பாக்காம உழைச்சிருப்பேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத யாருமே எனக்குச் சொன்னதில்ல மேடம்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

கோட்டு, சூட்டு, கையில் தோல் பை. மார்பு வரைக்கும் வெள்ளைத் தாடி.

சுண்டெலி சூடு பட்ட மாதிரி எழுந்து நின்றாள். "வாங்க ஐயா, உக்காருங்க ஐயா" என்று நனையாத நாற்காலியைத் துடைத்துவிட்டாள். மேடமே எழுந்து நிற்பதைப் பார்த்த ஈரக் கோட்டுத் தம்பிக்கு முகம் வெளுத்தது. "நீங்க பேசுங்க மேடம். நான் வெளிய நிக்கறேன்" என்று முதுகைக் காட்டாமலேயே பின்னால் நடந்து, கதவில் இடித்துக்கொண்டு வெளியே போனான்.

பெரியவர் சாவகாசமாக உட்கார்ந்து பையை மேசையில் வைத்தார். "அம்மா, நான் வந்த விஷயம் என்னன்னா..."

"ஐயா, ஒரு நிமிஷம். முதல்ல நான் சொல்லிடறேன். இப்ப நிறுத்தினா அப்புறம் எனக்குப் பேச்சு வராது."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சுண்டெலி யாருக்கும் வழிவிடவில்லை.

"நான் வேலைக்கு வந்தவ ஐயா. தண்ணி சொட்டுதுன்னு உங்க நாற்காலியில உக்காந்துட்டேன். அந்தத் தம்பி என்னை நீங்கன்னு நினைச்சிட்டாரு. நானும் சொல்லப் பாத்தேன், முடியல. அப்புறம் சொல்ல மனசு வரல. கடைசியில அவரையே பயமுறுத்தி விரட்டப் பாத்தேன், அதுதான் பெரிய தப்பு. நான் எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, என்னை விட்டுடுங்க. அந்தத் தம்பிய எடுத்துக்கங்க. பின்வாங்கற எலியப் பத்தி யோசிக்க இந்த மாநாட்டுலயே அவர் ஒருத்தருக்குத்தான் தோணியிருக்கு. அவங்கம்மா வேற பஸ்லல்லாம் சொல்லிட்டாங்களாம். எனக்கு என்ன, எங்கக்கா கடை இருக்கு. ஸ்மால் சைஸ் எடுத்து வெச்சிருக்கா."

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தங்கமான மனசும்மா உனக்கு. ஆனா நான் எலிக்கூண்டு விக்கறவன்."

சுண்டெலி அவருடைய தாடியை மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

"கீழ கடை போட்டிருக்கேன், ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. மேல பெரிய மனுஷங்க உக்காந்து ஆள் எடுக்கறாங்க, போய்ப் பேசிப் பழகுங்கன்னு என் பொண்ணுதான் சொன்னா." அவர் பையிலிருந்து வழவழப்பான படங்களை எடுத்துப் பரப்பினார். "இது பாரு, கழுவறதுக்கு சுலபம். மூடி தானா மூடிக்கும். எலி எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் வெளிய வராது. நீ வேலையில சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் போடு."

ஒரு படத்தை அவள் கையில் திணித்துவிட்டு, பக்கத்து அறையில் பேசிப் பழகப் போய்விட்டார்.

சுண்டெலி நின்ற இடத்திலேயே நின்றாள். ஆக, உண்மையான தலைவர் இன்னும் வரவில்லை. வந்துவிட்டுத்தான் போனாரோ என்னவோ. அறைக்குள் கசமுசா என்று பேச்சு கேட்டதும் கோபித்துக்கொண்டு திரும்பியிருப்பார். வெளியே நிற்கிற தம்பியிடம் வேறு உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் முகத்தில் எப்படி முழிப்பது? கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அக்காவுக்கு 'ஸ்மால்தான்' என்று செய்தி அனுப்பினாள்.

வாளியும் துடைப்பமுமாகக் கட்டடப் பராமரிப்புக்காரர் உள்ளே வந்தார். நனைந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளி, சொட்டுக்கு நேராக வாளியை வைத்தார். சொட்டு தள்ளிப்போய்த் தரையில் விழுந்தது. அவர் பெருமூச்சு விட்டார்.

"அண்ணே, புது லேப்புக்குத் தலைவர்னு ஒருத்தர் இங்க வரணுமே, கடைசி வரைக்கும் வரவே இல்லையா?" என்று சுண்டெலி மெல்லிய குரலில் கேட்டாள்.

அவர் வாளியை நகர்த்திக்கொண்டே சொன்னார்: "வாசல்ல ஈரக் கோட்டோட நிக்கறாரே, அந்தத் தம்பிதாம்மா புது லேப் தலைவரு, மேடம் என்னைப் பாஸ் பண்ணிட்டாங்களா ஃபெயில் பண்ணிட்டாங்களான்னு உங்ககிட்ட நைசா கேட்டுட்டு வரச் சொன்னாரு."