முதுகில் இருந்த குதிரை

இனிமேல் மனைவியிடம் எதையும் மறைப்பதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன். நானாக எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எடுக்க வைக்கப்பட்டேன்.

நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவன். எதுவாக இருந்தாலும் தெருக்கோடியில் நிற்பவனுக்கும் தெரியவேண்டும் என்பது என் தொழில் தர்மம். அந்த தர்மப்படி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கறுப்பு ஜாக்கெட் வாங்கினேன். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தங்க நிறத்தில் ஒரு குதிரை. கம்பெனியின் லோகோ. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பின்னால் வருகிறவர்கள் பொறாமையில் வெந்துபோவதாக எனக்கு ஒரு நம்பிக்கை. திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளவில்லை.

என் மனைவி துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் தைக்கிறவள். "காசையும் குடுத்துட்டு அவன் விளம்பரத்தையும் நீங்களே சுமக்கறீங்களா? பழைய துணி போடற பெட்டில போட்டுட்டு வாங்க" என்றாள். போட்டுவிட்டதாகச் சொன்னேன். ஜாக்கெட் பரணில் ஒரு பெட்டிக்குள், பழைய பலகைகளின் வரைபடங்களுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

போன மாதம் என் சகலை எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியின் அக்கா புருஷன். சட்டையின் மார்பில் தட்டு அளவுக்கு ஒரு லோகோ. இன்றைக்கு மனிதர் தொலைந்தார் என்று ஆசையாகக் காத்திருந்தேன். "அத்தான், சட்டை ரொம்ப எடுப்பா இருக்கு" என்றாள் என் மனைவி. அவர் போனதும் கேட்டேன்.

"இதெல்லாம் அசிங்கம்னு நீதானே சொன்ன?"

"அப்ப அசிங்கம். இப்ப லோகோ திரும்பி வந்துடுச்சு. ஃபேஷன் பத்திரிகைல போட்டிருக்கான்."

"எங்க போயிருந்துச்சு?"

"அதுக்குன்னு நாலு லோகோவ மாட்டிக்கக் கூடாது. ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு தெரியணும். பக்கத்துல இருக்கறதெல்லாம் சும்மா இருக்கணும்."

ஒன்றும் புரியவில்லை. ஒன்றுதான் தெரியவேண்டும் என்றால் மற்றதை எதற்குப் போடுவது? ஆனால் ஒரு விஷயம் புரிந்தது. என் குதிரைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் சாப்பாடு. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி அவர் எதிரில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதை எப்படியாவது கேட்டுவிடவேண்டும் என்று துடித்தேன். ஜாக்கெட்டை ஒரு கஸ்டமர் பரிசாகக் கொடுத்தார் என்று சொல்லிவிடுவதாகத் திட்டம்.

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனதும் பரணில் ஏறினேன். பெட்டியைத் திறந்து ஜாக்கெட்டை உதறினேன். முதுகில் குதிரையைக் காணோம்.

அந்த இடத்தில் கறுப்புத் துணி ஒன்று ஒட்டுப் போடப்பட்டிருந்தது. எலியா? எலி இவ்வளவு நேராக வெட்டாது. வெட்டினாலும் திரும்ப ஒட்டுப் போடாது. ஏணியிலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது கீழே அவள் நின்றாள்.

"என்னங்க அது, புதுசா?"

"கஸ்டமர் குடுத்தாரு" என்றது வாய். மூளை இன்னும் எலியிடமே இருந்தது.

"நல்லவரா இருக்காரே. போட்டுக்கோங்க."

போட்டேன். பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷத்துச் சாப்பாடு நின்றது. கஸ்டமருக்கு உங்கள் அளவு தெரியவில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தோளில் ஒரு கறுப்புக் கைப்பை. பையின் நடுவில் தங்கக் குதிரை.

"இந்தக் குதிரை..." என்று ஆரம்பித்தேன்.

"ஏங்க, எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன் என்றால் பன்னிரண்டு வருஷப் பொய் வெளியே வரும். "இல்லையே" என்றேன். எனக்கே பரிதாபமாக இருந்தது.

பொத்தான் போடாத ஜாக்கெட்டோடு போன என்னைச் சகலை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. பை கை மாறி மாறிப் போனது. எங்கே கிடைத்தது என்று அக்கா கேட்டாள். என் மனைவி பெருமையோடு என்னைக் காட்டினாள்.

"எல்லாம் இவராலதான்க்கா. தூக்கிப் போடச் சொன்னேன். போட்டுட்டேன்னு சொல்லிட்டு பன்னெண்டு வருஷமா பரண்ல பத்திரமா வச்சிருந்தாரு. வருஷா வருஷம் பூச்சி உருண்டை மாத்தினது நான்தான்."

சகலை எழுந்து வந்து என் முதுகில் ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். அந்த நல்ல வார்த்தை கிடைத்துவிட்டதா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான். ஏதாவது விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணுதான் பளிச்சுன்னு தெரியணும்னு சொன்னேன்ல. நீங்க சும்மா இருங்க."

சும்மா இருந்தேன்.