சோறு திரும்ப அரிசியாகுமா

கருகின வாணலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். தேய்த்துத் தேய்த்து என் கை வெளுத்ததுதான் மிச்சம், வாணலி வெளுக்கவில்லை. கொஞ்சம் ஊறட்டும் என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, இது கருகின கதையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் முன்னால் என் குரல் எனக்கே கேட்காது. படித்ததும் ஆறாவது வரைதான். பேனா என்றால் பரவாயில்லை, அது என் முகத்தைப் பார்க்காது.

என் வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்குகிறவர். கலக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடையில் வண்ணத்தைக் கலக்குவார், வீட்டில் என் வயிற்றைக் கலக்குவார்.

போன வாரம் என் அக்கா அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஞாயிறு சாயங்காலம் ரயில் ஏறினால் இனி எப்போது வருவாளோ. குழந்தை பிறந்ததிலிருந்து நான் தெருமுனையைத் தாண்டியதில்லை. அந்த ஒரு ஞாயிறு அக்காவோடு இருந்துவிட்டு வர ஆசை. குழந்தைக்கோ சளி, தூக்கிக்கொண்டு போக முடியாது. யாராவது ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டும். இவரோ அதே ஞாயிறு நண்பர்களோடு ஏரியில் தூண்டில் போடப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் முழங்கை பட்டு என் கண்ணாடி ஜாடி விழுந்து நொறுங்கியது. முந்தின நாள்தான் உப்பை எடுத்துச் சர்க்கரை டப்பாவில் கொட்டியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கா அழற? இது வெறும் பௌதிக மாற்றம்" என்றார்.

"என்னதுங்க?"

"மாடி வீட்டு டீச்சர் கடைக்கு வந்தப்ப சொன்னாங்க. உடைஞ்சாலும் கண்ணாடி கண்ணாடிதான். உருவம்தான் மாறுச்சு, பொருள் மாறல. அது பௌதிக மாற்றம். வேற பொருளாவே மாறிப்போனா ரசாயன மாற்றம். காகிதத்தைக் கிழிச்சா காகிதம், எரிச்சா சாம்பல்."

"அப்போ உப்பும் சர்க்கரையும்?"

"அது கலவை. பிரிச்சுக்கலாம்."

"எப்படிங்க பிரிக்கிறது?"

"அது உன் வேலை."

தன் பேச்சு அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. நின்ற நிலையில் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். "இந்த வீட்டுல பௌதிக மாற்றம் தப்பே இல்ல. ரசாயன மாற்றம்தான் தப்பு. நாளைக்கு ராத்திரிக்குள்ள யார் முதல்ல ரசாயன மாற்றம் பண்றாங்களோ, அவங்க ஞாயித்துக்கிழமை குழந்தையோட வீட்டுல. சம்மதமா?"

அவர் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. அவர் உடைக்கிறவர், நான் தீய்க்கிறவள். குழந்தை அழுதால் அடுப்பில் இருப்பதை மறந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"சம்மதங்க. பேச்சு மாற மாட்டீங்களே?"

"என் பேச்சும் ரசாயன மாற்றம் மாதிரிதான். திரும்பி வராது."

மத்தியானம் பசியோடு வந்து உட்கார்ந்தார். தட்டை வைத்தேன்.

"என்ன இது?"

"சாப்பாடுங்க."

"அரிசி வேகவே இல்லையே."

"ஊறியிருக்குங்க. வெந்தா தப்பாச்சே."

"இதுல என்ன தப்பு?"

"சோறு திரும்ப அரிசியாகுமா?"

வாயைத் திறந்தார். மூடினார். அதுவும் பௌதிக மாற்றம்தான்.

"கேரட் நறுக்கியிருக்கேன், வெள்ளரிக்காய் நறுக்கியிருக்கேன். நறுக்குறது பௌதிகம், பயப்படாம சாப்பிடுங்க. குழந்தைக்கு வாழைப்பழம் மசிச்சுக் கொடுத்துட்டேன். அதுவும் பௌதிகம்."

"சரி, ஒரு டீயாவது போடு. தண்ணி கொதிச்சா ஆவி, ஆவி குளிர்ந்தா தண்ணி. அது பௌதிகம்தான்."

"தண்ணி கொதிக்கறது சரிங்க. அடுப்பு எரியறது?"

விடுவிடுவென்று மாடிக்குப் போனார். டீச்சரையே கையோடு அழைத்துவந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"டீச்சர், சமையலுக்கு மட்டும் விலக்கு உண்டுன்னு சொல்லுங்க."

டீச்சர் தட்டைப் பார்த்தார், கதவிடுக்கில் என்னைப் பார்த்தார். "வேதியியல்ல விலக்கு கிடையாது தம்பி. சட்டம் போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு கேரட் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே மேலே போய்விட்டார்.

வெளியே சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். வெளிச் சாப்பாடு உள்ளே போனால் அவர் வயிறே ஆய்வுக்கூடம் ஆகிவிடும். அதனால் ராத்திரியும் கேரட். மறுநாள் காலையும் கேரட். தெருவில் ஒரு முயல் ஓடினால் அண்ணே என்று கூப்பிட்டிருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து புகை. ஓடினேன். வாணலியோடு வாணலியாக முட்டை ஒட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் கரண்டியோடு இவர்.

"என்னங்க இது?"

"நிறம்தான் மாறியிருக்கு. நான் கடையில தினமும் மாத்தறதுதானே."

"மஞ்சளும் நீலமும் கலந்தா பச்சைங்க. முட்டையும் நீங்களும் கலந்தா கருப்பா?"

"பௌதிகம்தான் இது" என்றார். குரலில் சுரத்து இல்லை.

"சரிங்க. இதைத் திரும்ப முட்டையாக்குங்க, நாளைக்கு நானே வீட்டுல இருக்கேன்."

வாணலியைப் பார்த்தார். உடைந்த முட்டை ஓட்டைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"பசி தாங்கலம்மா."

"எனக்கும்தாங்க" என்று அப்போதே உலை வைத்தேன். இரண்டு பேருமாக ஒரு பானைச் சோற்றைக் காலி செய்தோம்.

ஞாயிறு நான் போனேன். அக்கா மடியில் தலை வைத்துப் படுத்தேன். பேசினோம், பேசினோம், ரயில் வந்துவிட்டது.

திரும்பி வந்தால் இவர் தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கிறது. "திடம், திரவம், வாயு, மூணையும் இவன் ஒரே நாள்ல காட்டிட்டான்" என்றார். ஆனால் தோற்றதாகக் காட்டிக்கொள்வாரா. "எனக்கு எல்லாம் அத்துப்படி ஆயிடுச்சு. இனிமே காலையில குழந்தை என் பொறுப்பு, நீ பக்கத்துலயே வராதே" என்று புதுச் சட்டம் போட்டார். இன்று காலை அதுதான் அமலில் இருக்கிறது. அதனால்தான் நான் இப்படி நிம்மதியாக உட்கார்ந்து எழுத...

கூப்பிடுகிறார். "இங்க கொஞ்சம் வாயேன். என் கடைச் சட்டையில இவன் ஒரு மாற்றம் பண்ணிட்டான்."

"எந்த மாற்றங்க?"

"தெரியல. நீயே வந்து பார்த்துச் சொல்லு."

அவர் போட்ட சட்டம்தானே என்று நானும் திடமாக உட்கார்ந்துதான் பார்க்கிறேன். ஆனால் அவர் குரல் திரவமாகிவிட்டது, அது ஆவியாகி மாடி டீச்சர் காதுக்கு ஏறுவதற்குள் நான் எழுந்து போய்...