வலி சுனிதாவுக்கு, ஊசி எனக்கு

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்துப் போவதானால், நாலு மொழி அரைகுறையாகத் தெரிந்த ஆளைவிட ஒரு மொழியும் தெரியாத ஆளே மேல். அவராவது வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் நான் லைன் லீடர். சொந்த ஊர் மத்தூர். நல்ல பீஸ் என்றால் 'ஓகே', பழுது என்றால் 'ரிஜெக்ட்', பழுதைச் சரிபண்ணினால் 'ரீவொர்க்' என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் உத்தியோகம். என் லைனில் புதிதாக வந்த ஜார்க்கண்ட் பெண் சுனிதா. ஒருநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வியர்த்துக் கொட்டியது.

"யாருக்காச்சும் இந்தி தெரியுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஏன், நான் இல்லியா? கன்னடமும் பேசுவன் சார்!"

(என் இந்தி மொத்தமே 'அச்சா', 'சலோ'. கன்னடம் பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டுக் கற்றது.) வாய்க்கொழுப்பு, வேறென்ன!

கிளினிக்கில் நல்ல கூட்டம். டாக்டர் கர்நாடகாவிலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் வராது. அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல். மொழிபெயர்க்க வந்தவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஜம்மென்று உட்கார்ந்தேன். சுனிதா பின்னால் சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஹொட்டே நோவு டாக்டர்! தும்ப நோவு!" என்றேன். வயிற்றுவலி, ரொம்ப வலி. யாருக்கு வலி என்று சொல்லும் அளவுக்குக் கன்னடம் கைவசம் இல்லை. அதனாலென்ன, நடிப்பு இருக்கிறதே! என் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ... அம்மா..." என்று நெளிந்து காட்டினேன். டாக்டர் அந்த இடத்திலேயே அழுத்தினார். எனக்குக் கூச்சம் அதிகம், துள்ளிக் குதித்தேன். டாக்டர் முகத்தில் கவலை.

கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னால் குப்புறக் கிடந்தேன்.

"சிஸ்டர், எனக்கில்லீங்க, அவளுக்கு!"

நர்ஸ் நம்ம ஊர்க்காரர்தான். நன்றாகவே புரிந்தது. "ஊசின்னா எல்லாரும் இப்டித்தாம்மா, கூட வந்தவங்களக் கைகாட்டுவாங்க. ஆடாம படு."

சுருக்!

அப்போதுதான் திரையை விலக்கிக்கொண்டு சுனிதா தள்ளாடி வந்தாள். தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி, என்னைக் காட்டி, "அக்கா ஓகே!" என்றாள். தன் வயிற்றைத் தொட்டு, "நான் ரிஜெக்ட்!"

ஓசூரில் கம்பெனிக்குப் போகாத வீடு ஏது? நர்ஸுக்கு உடனே விளங்கிவிட்டது. டாக்டரைக் கூப்பிட ஓடினார். குடல்வால் வீக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன். "லேட்டாயிருந்தா வெடிச்சிருக்கும்" என்று அங்கே சொன்னபோது என்னையே திட்டிக்கொண்டேன். அடிப்பாவி, உன் பந்தாவுக்கு ஒரு பிள்ளையைப் பலி கொடுக்கப் பார்த்தாயே! தியேட்டர் வாசலில் ஒரு பக்கமாக உட்கார்ந்து (மறுபக்கம் ஊசி வலி) அழுது தீர்த்தேன்.

மயக்கம் தெளிந்து கண் திறந்தவள், என்னைப் பார்த்து மெல்ல முனகினாள்: "அக்கா... ரீவொர்க் ஓகே."

இன்றைக்கு சுனிதா என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறாள். கொஞ்சம் கன்னடமும். வடக்கிலிருந்து வரும் பெண்களுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவள்தான் கூட்டிப்போகிறாள். நான் எழுந்தாலே, "நீ உக்காருக்கா, நான் பாத்துக்கறன்" என்கிறாள்.

வீட்டிலோ, தலைவலி என்று நான் படுத்தால் போதும். மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கேட்பார்: "நெஜமாவே உனக்குத்தானா, இல்ல யாருக்காச்சும் நடிச்சுக் காட்டறியா?"