ஒருவரும் இழுக்காத வாகனம்

யுத்த காலத்துத் திருகோணமலையில் எல்லோரும் நல்ல றோட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்தபோது, கெட்ட றோட்டுக்கு ஏங்கிய ஒரே மனிதர் எங்கள் லோகியர் அண்ணைதான். ஏதோ ஒரு வீதியில் புதிதாகப் பள்ளம் விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அவருடைய முகம் மலர்ந்துவிடும். பள்ளத்தை மூடிவிட்டார்கள் என்று சொன்னால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டார்.

அன்புவழிபுரத்தில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி மட்டும்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது அவர் தொழில். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சட்டைப் பையிலேயே கிடந்தது. அவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. அதில் இரண்டாவதாக ஒரு சின்னக் கியர்த்தடி; அதற்கு லோகியர் என்று பெயர். அதைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் நாலு சில்லும் சேர்ந்து, ஆமை வேகத்தில், யானைப் பலத்தோடு இழுக்கும். ஊருக்கே அந்தத் தடியைப் பற்றிப் பாடம் எடுத்ததால் அதுவே பெயராகிவிட்டது.

"ஜீப்" என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "வாகனம்" என்று சொல்ல வேண்டும், முருகனுடைய மயிலைச் சொல்வதுபோல.

துறைமுகத்தில் கழித்துவிட்ட சாமான்களை ஏலம் போட்டபோது எடுத்த வாகனம் அது. பச்சை நிறத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் ராணுவத்தின் நிறமான பச்சையில் ஜீப் ஓட்டிப் போவதற்கு ஒருவருக்கும் துணிவு வராது. அண்ணை துறைமுகத்து மிதவைகளுக்குப் பூசி மிஞ்சிய சிவப்பைக் கொண்டுவந்து அடி முதல் முடி வரை பூசினார்.

"ஏன் அண்ணை இந்தக் கண்ணைக் குத்துற நிறம்?" என்று கேட்டேன்.

"தம்பி, நாங்கள் குடும்பமா ட்ரிப் போற ஆக்கள். ரெண்டு மைல் கட்டைக்கு அங்கால நிண்டு பாக்கிறவனுக்கும் தெரியவேணும். திடீரெண்டு தெரியிற சாமானுக்குத்தான் மனுசன் பயப்பிடுவான்."

குடும்பமாக ட்ரிப் போவது. அதுதான் அவருடைய விசர். மற்றவர்கள் அரிசியும் பருப்பும் சேர்த்துவைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்த நாட்களில், அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். "சண்டை முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தா என்ர பிள்ளை ஒரு இடமும் பாக்காமல் கிழவியாப் போயிடும்" என்பார். பிள்ளை என்றது ஒரே மகள் வதனியை.

ட்ரிப்புக்காக அவர் வாகனத்தை ஆயத்தம் செய்த விதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சென்றியில், அதாவது காவலரணில், எல்லாவற்றையும் இறக்கித் திறந்து காட்டச் சொல்வார்கள். ஆகவே திறக்க வேண்டிய எதுவும் வாகனத்தில் இருக்கக்கூடாது என்று தீர்மானித்தார். முதலில் கதவுகளைக் கழற்றினார். பைகளை ஒழித்துவிட்டுப் பழைய மீன் வலையில் தூளிகள் பின்னித் தொங்கவிட்டார். சோறு, கறி, சம்பல் எல்லாம் கடைகளில் இனிப்பு போட்டு வைக்கும் கண்ணாடிப் போத்தல்களில் பயணம் செய்தன. பின்பக்கத்தில் மடித்து விரிக்கும் சமையல் பலகை ஒன்று; அதற்கு "குசினி" என்று பெயர். வீட்டுக் கதிரைகளை எடுத்து ஆணியும் நட்டும் போட்டு வாகனத்துக்குள் பூட்டிவிட்டார். வாகனம் மணலில் புதைந்தால் ரயருக்குக் கீழே போட எங்கள் நடுவேலியிலிருந்து கிடுகுகளை உருவினார். அவருடைய வாகனம் கொழுக்கக் கொழுக்க எங்கள் வேலி மெலிந்தது.

ஒருநாள் பின்னேரம் அவரைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி மலர் அக்கா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு சொன்னார்:

"இருக்கவேணும் எண்டா வாகனத்தில போய் இருங்கோ தம்பி. வீட்டில கதிரை இல்லை."

போய் இருந்தேன். நல்ல காற்று வந்தது.

சென்றிக்காக ஒரு பயிற்சியும் இருந்தது. அவர் இரண்டு தரம் கை தட்டினால் அவருடைய குடும்பமும் எங்கள் குடும்பமும் குதித்து இறங்கிப் பாயை விரித்து, சாமான்களை வரிசையாக அடுக்கி, பின்னால் சம்மணம் கட்டி இருக்கவேண்டும். முற்றத்தில் பழகினோம். என் மனைவிக்கு மாம்பழமும் பழப்புளியும் பொறுப்பு. எனக்குப் போத்தல்கள். முதல் தடவை உண்மையான சென்றியில் செய்துகாட்டியபோது ஒரு இளம் சிப்பாய் எங்களை மேலும் கீழும் பார்த்தான். குனிந்து ஒரு மாம்பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தான். "கீயத?" என்றான். விலை என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான்! எங்களைத் தெருக்கடை என்று நினைத்துவிட்டான். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா தேங்காய்க்குப் பேரம் பேசத் தொடங்கிவிட்டார். அண்ணைக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களே, எவ்வளவு ஒழுங்கா அடுக்கியிருந்தா கடையெண்டு நினைப்பாங்கள்!" என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். மாம்பழம் சிப்பாயோடு போய்விட்டது.

இன்னொரு முறை ஓர்ஸ் ஹில் என்ற குன்றுக்கு வீதியால் போகாமல் சரிவால் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டார். ஏறியும்விட்டார். மேலே போய் நின்ற இடம் ஒரு பெரிய உத்தியோகத்தரின் பின்வளவு. அவர் முகத்தில் சவர்க்கார நுரையோடு கிணற்றடியில் நின்றார். அண்ணை மரியாதையாகத் தலையை வெளியே நீட்டி, "ஐயா, றோட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவர் சவரக்கத்தியாலேயே திசை காட்டினார்.

இதையெல்லாம்விட அவருக்கு ஒரு பெருமை இருந்தது. சேற்றில் புதைந்த பஸ், மணலில் இறங்கிய லொறி, கலியாண மாப்பிள்ளையின் கார், எத்தனையோ வாகனங்களை இழுத்து விட்டிருக்கிறார். ஆனால் "என்ர வாகனத்தை ஆரும் கட்டி இழுத்த சரித்திரம் இல்லை." இதைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் சொல்வார். நாங்களும் அதைச் சாமி கும்பிடுவதுபோலக் கேட்டுக்கொள்வோம்.

வதனிக்குக் கனடாவில் மாப்பிள்ளை சரிவந்தது. விசாவும் வந்தது. வெளிக்கிட முதல் அவள் தகப்பனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, சின்னனில போற கடற்கரைக்கு ஒருக்காப் போவம். எல்லாரும். வாகனத்தில."

திருகோணமலையில் திரும்பின பக்கமெல்லாம் கடல்தான், பாதிக்கு முள்ளுக்கம்பி. அவள் கேட்டது நிலாவெளிக்கும் வடக்கே, சவுக்கு மரங்கள் நிற்கும் ஒரு கரையை. போகிற வழியில் மதகு உடைந்து பல வருடம். பஸ் போகாது, வான் போகாது. அண்ணையின் கண்கள் கலங்கின. மகள் போகிற கவலையா, மதகு உடைந்த சந்தோசமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் கொழும்பு பஸ் ஏறுவதற்கு முதல் நாள்தான் எல்லாம் சரிவந்தது. விடியப் புறப்பட்டோம். சென்றியில் கை தட்டி, கடை விரித்து, கடை கட்டினோம். "நாலு மணிக்குள்ள திரும்பிடவேணும். பிறகு ஒருவரையும் உள்ள விடமாட்டம்" என்றார்கள். அன்றைக்குத் திரும்பாவிட்டால் பஸ் இல்லை. பஸ் இல்லாவிட்டால் பிளேன் இல்லை.

உடைந்த மதகுக்குப் பக்கத்தால் இறங்கி, களப்புத் தண்ணீரைக் கிழித்து, உவர் நிலத்தில் வழுக்கி, அண்ணை லோகியரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் அப்படி ஒரு ஓட்டத்தைப் பிறகு கண்டதில்லை. வதனி கடலுக்குள் இறங்கிச் சின்னப் பிள்ளை மாதிரிக் கூத்தடித்தாள். அத்தோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வலை பாரம். சம்மாட்டி, அந்த வலையின் சொந்தக்காரர், பகிடியாகத்தான் கேட்டார்:

"ஐயா, உங்கட சிவப்புக் குதிரை ஒருக்கா இழுக்குமோ?"

கேட்கக்கூடாத ஆளிடம் கேட்கக்கூடாத கேள்வி. அண்ணை வலைக் கயிற்றை வாகனத்தில் கட்டி, சின்னத் தடியை இழுத்தார். வலை வந்தது. பாரையும் சாளையும் துள்ளத் துள்ளக் கரைக்கு வந்தது. ஆனால் ஈர மணலில் நின்ற வாகனம் அச்சு வரைக்கும் கீழே போய்விட்டது.

பிறகு நடந்ததெல்லாம் அண்ணையின் வித்தைகள். கிடுகு போட்டார், எங்கள் வேலி முழுவதும் மண்ணுக்குள் போனது. ரயர்க் காற்றைக் குறைத்தார். வாகனத்தின் முன்னால் சுற்றியிருந்த இரும்புக் கம்பியைச் சவுக்கு மரத்தில் கட்டி இழுத்தார். சவுக்கு மரம் வாகனத்தை நோக்கி வந்தது. சூரியன் சரிந்துகொண்டிருந்தது.

சம்மாட்டி வந்து தணிந்த குரலில், "ஐயா, கயிறும் கிடக்கு, ஆக்களும் நிக்கிறம்" என்றார்.

"தேவையில்லை."

"பிள்ளைக்கு விடியப் பஸ்" என்றார் மலர் அக்கா.

அண்ணை ரயரைப் பார்த்தபடி மணலில் இருந்துவிட்டார். அந்த மனிதரை அப்படி நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

வதனிதான் எழுந்தாள். ஈரப் பாவாடையோடு போய் வலைக் கயிற்றை எடுத்து வாகனத்தின் முன்கொக்கியில் தானே முடிச்சுப் போட்டாள். மறுபக்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, ஏறி ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ. நான் இழுக்கிறன்."

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். மணலைத் தட்டிவிட்டு எழுந்து ஏறினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். சம்மாட்டி அவளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். பிறகு அவருடைய ஆட்கள் அத்தனை பேரும். பிறகு நான், என் மனைவி, மலர் அக்கா. வலைக்காரர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைத் தொடங்கினார்கள். வாகனம் முனகியது, அசைந்தது, வந்துவிட்டது. அவ்வளவு நேரமும் அண்ணையின் கண் எங்கள் ஒருவர் மேலும் படவில்லை. மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்றி மூடுவதற்குள் வந்து சேர்ந்தோம். வலைத் தூளி நிறையப் பாரை. மறுநாள் காலை அண்ணை வதனியையும் எங்களையும் பஸ் நிலையத்துக்கு ஏற்றிப் போனார். நல்ல தார் றோட்டு. ஒரு பள்ளம் இல்லை. முழு வழியும் லோகியரில் போனார். சைக்கிள்கள் எங்களை முந்திக்கொண்டு போயின. ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகும் அவர் நிறைய வருடம் அந்த வாகனத்தை ஓட்டினார். புதிதாக யாராவது வந்து, "அண்ணை, இதை ஒருநாளும் ஆரும் கட்டி இழுக்கேல்லையோ?" என்று கேட்டால், பழைய பதில் வராது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்:

"ஒருக்கா இழுத்தது. என்ர மகள். தனிய இழுத்தவள்."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். கயிறு அறுத்த தழும்பு என் உள்ளங்கையில் இன்றைக்கும் இருக்கிறது. நான் கையைப் பொத்திக்கொண்டு, "ஓம், நான் கண்ணால கண்டனான்" என்று சொல்வேன்.