தேறிய பெட்டியைத் திறக்கிறவர்

இன்னுங்கொஞ்சத்தார் என்று ஓர் இனம் உண்டு. எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். ஆனால் கலப்படமில்லாத ஆளைப் பார்க்க வேண்டுமானால், செயற்கைக்கோள் தொடர்புக் கருவி செய்யும் இடத்துக்குத்தான் நீங்கள் வரவேண்டும். அங்கே ஆசிலேட்டர் என்று, மின்னலையை உண்டாக்கும் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று. மின்னழுத்தத்தை ஏற்றினால் அதன் அதிர்வெண் ஏறும்; இறக்கினால் இறங்கும். இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரு பிராணியை நிம்மதியாக விடாதவர்தான் நம் ஆள்.

அவர் சோதனை மேசையில் உட்காரும் அழகே தனி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூச்சை அடக்கி, மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் திருகைக் கடுகளவு திருப்பி, திரையில் கோடு உரிய இடத்துக்கு வந்ததும் தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டு மூடியை மாட்டுவார். கோடு நகர்ந்துவிடும். நகராமல் என்ன செய்யும்? உலோக மூடி கிட்டே வந்தாலே அதிர்வெண் மாறும். இது அவருக்குத் தெரியாதா? புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பாடம் நடத்துவதே அவர்தான். இருந்தும் திறப்பார்.

ஒரு நாள் நடுக்கடலில் ஒரு கப்பலின் தொலைபேசி செத்துக் கிடந்தது. அதில் சமையல்காரர், இவருடைய மச்சினன். தம்பி குரலைக் கேட்காமல் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. மாற்றுக் கருவி மாலைப் படகில் போயாக வேண்டும்; விட்டால் அடுத்த வாரம்தான். அதன் ஆசிலேட்டர் எல்லாச் சோதனையிலும் தேறி, முத்திரைச் சீட்டும் ஒட்டியாயிற்று. வாசலில் வேன் நின்றது.

"குடுங்க சார், வண்டி நிக்குது," என்றார் பார்சல் கட்டும் அம்மா.

"இருங்கம்மா. இரைச்சல் ஒரு பொட்டு ஜாஸ்தியா இருக்கு. இன்னும் கொஞ்சம்."

"அளவுக்குள்ளதானே இருக்கு?"

"என் மச்சினன் பேசப்போற போனும்மா. அவங்க அக்கா காதுல கரகரன்னு விழலாமா?"

முத்திரையைக் கிழித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. திருகு ஒரு மயிரிழை கூடுதலாகப் போக, கோடு திரையை விட்டே ஓடிவிட்டது. திறந்த பெட்டியைச் சூட்டிலும் குளிரிலும் வைத்து முதலிலிருந்து சோதித்தாக வேண்டும். அதுதான் அங்கே சட்டம். வேன் காலியாகக் கிளம்பியது. பார்சல் அம்மா எடுத்துவைத்த நாடாவைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டார். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அந்த மனிதரை அடிக்கலாம்போல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அடிக்கவும் மனம் வரவில்லை.

வீட்டில் மனைவி கைபேசியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி சீக்கிரம் பேசிடுவான்னீங்களே?"

"அடுத்த வாரம் பேசுவான். ஆனா கேக்கும் பாரு, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி."

"கரகரன்னு கேட்டாலும் போதுமேங்க. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதுமே."

அவர் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். அது லேசாக ஆடியது. அவர் கை திருப்புளியைத் தேடியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சண்டை போட்டுப் பிரிந்த யாருக்கோ நீங்கள் எழுதிய நாலு வரி, வார்த்தையை மாற்றி மாற்றி, இன்னும் அனுப்பப்படாமல் உங்கள் கைபேசியில் கிடக்கிறதே, அதை எப்போது அனுப்புவதாக இருக்கிறீர்கள்? சொல்ல வேண்டாம். உங்கள் பதில் எனக்குத் தெரியும்.